கொசுவுக்கு அசையாத வம்சம்

மரபணு ஆராய்ச்சிக்குக் கண்ணாடிக் குழாயும் குளிர்சாதன அறையும் வேண்டும் என்று உலகம் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு கயிற்றுக் கட்டிலே போதும் என்று நிரூபித்த பெருமை செய்யூர்ப் பக்கத்துத் தர்மராஜையே சேரும்.

போன ஐப்பசியில் சிக்குன்குனியா ஊரையே புரட்டிப் போட்டது. தர்மராஜும் அவர் மனைவி எல்லம்மாளும் ஒரே கூரையின் கீழ், ஒரே வாரத்தில், அநேகமாக ஒரே கொசுவிடம் கடி வாங்கினார்கள். ஐந்து மாதம் ஆகியும் எல்லம்மாளுக்கு முட்டி வீக்கம் வடியவில்லை. தர்மராஜோ கிண்ணென்று நடந்தார். இந்த அதிசயத்துக்குக் காரணம் தேடி அவர் அதிகம் அலையவில்லை. கருங்குழி மருத்துவ முகாமில் ஒரு டாக்டர், ஒரே கிருமி வந்தாலும் சிலருக்கு மூட்டு வலி அதிகமாவதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று சொன்னார். 'பங்கு' என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு, மரபணுவை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார் தர்மராஜ்.

அன்று முதல் வீட்டில் அறிவியல் கொடிகட்டிப் பறந்தது. பங்காளிகள் கூடினார்கள். எல்லம்மாள் நொண்டி நொண்டிக் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு, 'நம் வம்சத்து மூட்டு கொசுவுக்கு அசையாது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

எல்லம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டியைக் காட்ட வேண்டும். இப்படியே போனால் கடலைக்கொல்லையில் குந்தி எழ முடியாமல் முடங்கிவிடுவோம் என்று அவளுக்கு உள்ளூர பயம். தர்மராஜ் 'விஞ்ஞானபூர்வமாக' மறுத்தார்.

"அது உங்க அப்பன் வூட்டு ரத்தம். மாத்திரை போட்டா ரத்தம் மாறிடுமா? போய் வேலையப் பாரு."

எல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நின்று சண்டை போட முட்டி விடவில்லை. உட்கார்ந்து சண்டை போட நேரமில்லை.

பங்குனியில் டாக்டர் அஃப்ஸானா செங்கல்பட்டிலிருந்து ஒரு வண்டியில் வந்திறங்கினார். அதே சுரம் சிலர் முட்டியை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்று கண்டுபிடிக்க, வலி உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பு ரத்தமும் வேண்டுமாம். ஊரார் ரத்த மாதிரி கொடுக்க வந்தார்கள். தர்மராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஊருக்கே முன்மாதிரியாக வந்தார். முட்டியைக் காட்ட இதுவாவது வாய்த்ததே என்று எல்லம்மாளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.

படிவம் நிரப்பிக்கொண்டே அஃப்ஸானா, கல்யாணத்துக்கு முன் இருவரும் சொந்தமா என்று கேட்டார்.

"அக்கா மவதான்," என்றார் தர்மராஜ், பெருமையாக.

பேனா நின்றது. அப்படியானால் உங்கள் வீட்டு ரத்தம்தானே இந்தம்மாவிடமும் பாதி ஓடும் என்றார் அஃப்ஸானா. அக்கா நல்லதை மட்டும் கொடுத்திருப்பாள், கெட்டதெல்லாம் அக்கா புருஷன் கொடுத்தது என்று தர்மராஜ் விளக்கம் அளித்தார். எங்கம்மாவுக்கும் அதே சுரத்தில் முட்டி வீங்கித்தான் கிடக்கிறது என்று எல்லம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அது வயசு என்றார் தர்மராஜ். ஆராய்ச்சியாளர் என்றால் இப்படி எதற்கும் கலங்காமல் இருக்க வேண்டும்.

"சுரம் வந்தப்ப எத்தனை நாள் ஓய்வு எடுத்தீங்க?"

"நாப்பது நாளு. கட்டில வுட்டுக் கால தரையில வெக்கல," என்றார், மறுபடியும் பெருமையாக.

"நீங்கம்மா?"

"மூணாம் நாளே நடவுக்குப் போய்ட்டேன். வந்து இவருக்குக் கஞ்சி வெக்கணும், கால் புடிச்சி வுடணும்."

அஃப்ஸானா இரண்டையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, மரபணு ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே முழுக் காரணம் இல்லை என்றார். எதுவானாலும் வைத்தியம் பார்த்தால் வீக்கம் குறையும், இன்றைக்கே வண்டியில் வாருங்கள் என்று எல்லம்மாளைக் கூப்பிட்டார். தர்மராஜ் விடவில்லை. என் பெண்டாட்டி முட்டியை இந்தக் கதிக்கு ஆளாக்கிய அந்தக் கெட்ட சாமானுக்கு என்ன பெயர், அதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள் என்றார். இன்னும் தெரியாது, ஆயிரக்கணக்கானவர் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பல வருஷம் ஆகும் என்றார் அஃப்ஸானா.

எல்லம்மாள் வண்டிக் கதவைப் பிடித்து ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்தாள்.

"அத்தினி வருசம் இன்னாத்துக்கு டாக்டரம்மா? இப்பவே எழுதிக்கோங்க. அதும் பேரு தர்மராஜ்."