மச்சாள், நான் வீட்டைக் கொளுத்தவில்லை

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
தவக்காலத்து நான்காம் ஞாயிறு

அன்புள்ள மச்சாள் மரியரஞ்சனிக்கு,

சேசு, மரி, சூசை உமக்குத் துணை இருப்பார்களாக. உம்முடைய முழங்கால் சுகமாக இருக்கிறதென்று நம்புகிறேன். நாக்கு சுகமாக இருக்கிறதென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் வீட்டைக் கொளுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை. எனக்கு நினைவும் தப்பவில்லை. உம்முடைய கலியாணத்தன்று நீர் கோவிலில் அழுதது பிரிவுத் துயரால் அல்ல, புதுச் சப்பாத்து கடித்ததால் என்பதுகூட நன்றாக நினைவிருக்கிறது. ஹம்மர்பெஸ்டில் இரண்டு மாதம் சூரியனே வருவதில்லை, உமக்குப் பொழுது போகாது, எல்லாம் விளங்குகிறது. அதற்காக என் வீட்டை எரித்து வெளிச்சம் காண வேண்டாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு முன் குசினியில் கரண்ட் அடுப்பு பழுதாகிவிட்டது. திருத்துகிறவர் வரும்வரை நான் பட்டினி கிடக்க முடியுமா? முன்னறையில் உம்முடைய அண்ணர் பூட்டுவித்த இரும்பு விறகடுப்பு இருக்கிறது. அது குளிர் காய்வதற்கென்று செய்தது, சமைப்பதற்கல்ல. அவர் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. அவர் வேலையால் வந்தால் என்னிடம் சுகம் விசாரிக்க முன் அதனிடம்தான் விசாரிப்பார். “உங்கட மற்ற மனிசி” என்று நான் சொல்வேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அவர் போன பின் வந்த முதல் குளிர்காலம் முழுவதும் நான் அதன் முகத்தில் விழிக்கவில்லை. இந்த முறை வேறு வழியில்லாமல் அதன் தலையில் சோற்றுப் பானையை வைத்தேன்.

அன்றைக்கே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி கிடையாது. தண்ணீர் கொதிப்பதற்குள் செபமாலை முழுவதையும் சொல்லி, மன்றாட்டு மாலையையும் முடித்துவிடலாம். கொதிக்கத் தொடங்கினாலோ ஆயர் வந்து சொன்னாலும் நிற்காது. சொதி திரைந்தது, பருப்பு அடிப்பிடித்தது, பானையைத் தூக்கிப் பக்கத்துக் கல்லில் வைத்து, ஆறவிட்டு, திரும்ப ஏற்றி, திரும்ப இறக்கி, கடைசியில் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைவிட நான்தான் அதிகம் வெந்திருந்தேன். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை என்று உமக்குத் தெரியும்தானே. எரிகிற நெருப்பில் சோறு, தணல் விழுந்த பின் மீன் குழம்பு, எல்லாம் அடங்கிய சூட்டில் சொதி என்று ஒழுங்கைக் கண்டுபிடித்தேன். மண்சட்டியில் அந்தத் தணலில் வற்றிய குழம்பை நீர் ஒருதரம் சாப்பிட்டிருந்தால் கதை பரப்பியிருக்க மாட்டீர். வாய்க்கு வேறு வேலை இருந்திருக்கும்.

கரண்ட் அடுப்பு தை மாதமே திருத்தியாயிற்று. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதன்மேல் இப்போது மாதா சுருவம் இருக்கிறது. இந்த வீட்டில் அவ்வளவு மட்டமான, சுத்தமான இடம் வேறில்லை. மாதாவை எழுப்பிவிட்டு முட்டை பொரிக்க என்னால் முடியாது.

போன சனிக்கிழமை விறகடுப்பில் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன். பக்கத்து வீட்டில் கோதை என்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை இருக்கிறாள். கணினி வேலை, நல்ல குணம், தூளைக் கடையில் வாங்குகிறவள். வெறுங்காலோடு பனிக்குள்ளால் ஓடிவந்து கதவில் அடித்தாள்.

“ஆன்ட்டி! ஆன்ட்டி! என்ன எரியுது? அலாரம் கத்துது, கேக்கலையா?”

“ஒண்டும் எரியேல்லை பிள்ளை. மிளகாய் வறுக்கிறன். உள்ளுக்கை வந்து கதவைச் சாத்தும், குளிர் வருது.”

“குளிரா! எனக்குக் கண்ணே தெரியல ஆன்ட்டி! மசாலாதான் பாக்கெட்ல கிடைக்குதே!”

“அது மசாலா. இது தூள்.”

இதை விளக்கி முடிப்பதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓடிவர முன்னமே போன் எடுத்துவிட்டாளாம். பனைமரம் போல இரண்டு பொடியன்கள். அந்தச் சப்பாத்தோடு என் கம்பளத்தில் கால் வைக்கக்கூடாது என்று நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு கழற்றினார்கள். ஒருவனுடைய காலுறையில் ஓட்டை. மாறி மாறித் தும்மிக்கொண்டே அடுப்பையும் புகைபோக்கியையும் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை, கதவை மட்டும் நன்றாக மூடச் சொன்னார்கள். நீத்துப்பெட்டியில் சுடச்சுடப் புட்டு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? ஓட்டைக் காலுறைக்காரன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நேரம் பார்த்து பஸ்ஸால் இறங்கிய எங்கள் பாடகர் குழுச் சிந்தியா, வாசலில் நின்ற வண்டியைப் படம் பிடித்தாள். உள்ளே புட்டுச் சாப்பிட்டவர்களைப் பிடிக்கவில்லை. அந்தப் படம் ஒஸ்லோவைத் தாண்ட முன் எனக்கு நினைவு தப்பிவிட்டது. ஹம்மர்பெஸ்ட் வந்து சேர முன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். நீர் அதை எடுத்து றொனால்டுக்குச் சொல்லிவிட்டீர். அவன் பக்கத்து ரொம்மனிலிருந்து பறந்து வந்தான்.

“அம்மா, உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? குருத்தோலை ஞாயிறுக்கு முதல் வெள்ளி ஆள் வருது. இதைக் கழட்டிப்போட்டு வார்மபும்ப மெசின் பூட்டுவம். சுவிச்சை அமத்தினாச் சரி, வீடு சூடாகும்.”

“சுவிச்சிலை புட்டு அவியுமோ?”

“கரண்ட் அடுப்பு இருக்குத்தானே!”

“அதிலை மாதா நிக்கிறா.”

அவன் மாதாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையில் கைவைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். தகப்பனைப் போலவே.

மச்சாள், இதை உமக்கு மட்டும் எழுதுகிறேன். உம்முடைய அண்ணர் தன் கடைசி இலையுதிர்காலத்தில் நெஞ்சு நோவோடு பின்பக்கக் கொட்டிலில் நின்று விறகை மெல்லிசு மெல்லிசாகக் கொத்தினார். “இதென்ன, தீப்பெட்டிக் கொம்பனிக்கோ கொத்திறியள்? உள்ளுக்கை வாங்கோ” என்று நான் பேசினேன். “இருக்கட்டும் ராணி” என்றார். அவ்வளவுதான். இந்தக் குளிர்காலம் கொட்டிலைத் திறந்தபோதுதான் கண்டேன். தடித்த கட்டைகள் எல்லாம் பின்னுக்கு இருந்தன. கதவடியில், என் இடுப்பளவு உயரத்தில், குனியாமல் எடுக்கக்கூடியதாக மெல்லிய விறகு அடுக்கியிருந்தது. வாதத்தால் என் விரல்கள் சரியாக மடங்குவதில்லை என்பது உமக்குத் தெரியும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கைக்குள் அடங்கியது.

அந்த விறகைத்தான் எரிக்கிறேன். ஆகவே ஆபத்து ஒன்றுமில்லை. சனிக்கிழமை நடந்தது முழுக்க முழுக்க மிளகாயின் குற்றம்.

நாங்கள் நோர்வே வந்த புதிதில், நானும் உம்முடைய அண்ணரும் மீன் தொழிற்சாலையில் நின்ற நாட்களில், றொனால்டை மடியில் வைத்திருந்தவர் நீர். அவன் என் சொல் கேளான், உம்முடைய சொல் கேட்பான். கதையைப் பரப்பியவரே கதையை மடக்கவும் வேண்டும். அடுப்பைக் கழற்ற வேண்டாம் என்று அவனுக்கு எழுதும். உமக்கும், உம்முடைய ஜன்னலில் வாடிக்கொண்டு நிற்கும் கறிவேப்பிலைக்கும் கர்த்தர் சீக்கிரம் வெயில் தருவாராக.

இங்ஙனம்,
உம்முடைய அண்ணரின் மனைவி
அருள்ராணி சூசைரட்ணம்

பி.கு.: உறையை ஒட்ட முன் ஒருதரம் படித்துப் பார்த்தேன். என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள் இப்படி ஒட்ட விடமாட்டார்கள். மிளகாயில் குற்றமில்லை. நான் ஒரு தடித்த கட்டையை உள்ளே தள்ளினேன். அது முழுதாகப் போகவில்லை, அடுப்புக் கதவு மூடவில்லை, அந்த இடைவெளியால்தான் புகை வந்தது. மார்கழியிலிருந்து தடித்ததைத்தான் எரிக்கிறேன், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி. மெல்லிய விறகில் ஒன்றுகூட எரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கையில் எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். றொனால்ட் பயப்படுவது சரிதான். அவனுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், கழற்றட்டும். ஆனால் அவர் எனக்கென்று கொத்தியதை எரிக்காமல் விடவும் என்னால் முடியவில்லை, தனியே எரிக்கவும் முடியவில்லை. அந்த வெள்ளிக்கு முன் நீர் வாரும். முதல் விறகை நீர் வையும், அடுத்ததை நான் வைக்கிறேன், கதவை ஒழுங்காக மூடிவிட்டுப் புட்டு அவிப்போம். வருவீரா மாட்டீரா என்று எனக்குக் கடிதமாக எழுதும். போனில் சொல்ல வேண்டாம்.