இன்சுலினைத் தின்ற பாட்டில்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நாலு தரம் எட்டிப் பார்ப்பேன். பஸ் வரவில்லையென்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்து, பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி பயோடெக்னாலஜி படிக்கப் போகலாமா? நான் போனேன்.

வேலூரில் எம்.எஸ்சி. கடைசி வருடம். பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலின் செய்வது என் ப்ராஜெக்ட். இன்சுலினுக்கான மரபணுவை, பிளாஸ்மிட் என்கிற வட்ட வடிவ டி.என்.ஏ.வில் ஒட்ட வேண்டும். அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டும். (நம் குடலில் குடியிருக்கிற கிருமிதான். லேபில் இருப்பது பரம சாது.) அது பெருகும்போது, நாம் கொடுத்த மரபணுவைப் படித்து நமக்கு வேண்டிய புரதத்தையும் செய்து வைக்கும். பிறகு பாக்டீரியாவை உடைத்துப் புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முதல் தேவை பொறுமை. குடுவையைக் குலுக்குகிற மெஷினை நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து பார்த்ததில் இரண்டு தடவை பாக்டீரியா ஒழுங்காக வளரவே இல்லை.

"நீ பாக்கலன்னாலும் அது வளரும், சுகந்தி" என்பார் என் கைடு மேடம்.

ஐந்து மாதம் படாத பாடுபட்டு, நாலு குட்டி டியூபில் புரதம் கிடைத்தது. முழு இன்சுலின்கூட இல்லை, அதற்கு முந்தைய நிலை. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கிற ஜெல்லில் ஓட்டிச் சாயம் போட்டால் பளிச்சென்று ஒரு நீலக் கோடு. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ("இது இன்னாடி, எக்ஸ்ரேவா? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று அம்மா போன் செய்தாள்.)

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு மருந்து கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணெதிரே ஜெல் ஓட்டிக் காட்ட வேண்டும். கோடு தெரிந்தால் வேலை எனக்குத்தான் என்று மேடம் சொல்லியிருந்தார். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருக்கும் அப்பா, மகள் வெள்ளைக் கோட்டு போட்டு ஏ.சி. ரூமில் வேலை பார்க்கப்போவதை டீக்கடை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து, வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை காலேஜ் பக்கம் கரண்ட் கட் என்று அறிவிப்பு வந்தது. "ஜெனரேட்டர் இருக்கு. ஃப்ரீசரைத் தொறக்காம இருந்தாலே போதும். நீ டியூபைத் தொடாத" என்றார் மேடம். ஜெனரேட்டர் ரிப்பேரானால்? டீசல் தீர்ந்துபோனால்? புதன் மாலை நாலு டியூபையும் எடுத்து, டிபன் பாக்ஸில் ஐஸ் போட்டு அதில் செருகி, ஆம்பூர் பஸ் ஏறினேன். (ஒன்றையாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்த அறிவு பஸ் ஏறவில்லை.)

பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ஐஸ் உருகி, டியூபெல்லாம் தண்ணீரில் மிதந்தது. ஒன்றின் மூடி திறந்துகொள்ளும்போல் இருந்தது. பதறிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, இறுக்கமா மூடற மாதிரி சின்ன பாட்டில் ஏதாவது இருக்கா?"

"இங்க ஃபேக்டரிக்குச் சாம்பிள் மருந்து வந்த பாட்டில் ஒண்ணு காலியா இருக்குது. வேணுமா?"

"கழுவி எடுத்துட்டு வாப்பா."

"இரும்மா. அதுல இன்னா இருந்துச்சுன்னு கெமிஸ்ட்டைக் கேட்டுக்கிறேன். டீ குடிக்கப் போயிருக்காரு. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா? இங்க ஐஸ் உருகுதுப்பா! கேக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம். சீக்கிரம் வா."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். மூன்று தரம் கழுவிய பாட்டில், புதுசு மாதிரி மினுமினுத்தது. நாலு டியூபையும் அதில் கவிழ்த்து, வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வியாழன் முழுக்க அதைத் திறந்து பார்ப்பதே வேலை. "பேஜார் பண்ணாதடி, பாலு கெட்டுடும்" என்று அம்மா கத்தினாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியின் பெரிய அதிகாரி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெல் ஓடியது. சாயம் போட்டேன், கழுவினேன். அளவு பார்ப்பதற்காகப் போட்ட புரதங்கள் வரிசையாகக் கோடு கோடாக நின்றன. என் இடம் மட்டும் காலி. அடியில் ஏதோ அழுக்குப்போல் லேசாக நீலம். ஜெல்லைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு வரவில்லை.

"சாம்பிளை எதுல வெச்சிருந்தீங்க?" என்றார் அதிகாரி.

பாட்டிலைக் காட்டினேன். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். தெரியாது. அவர் எதிரிலேயே அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன். பின்னால் தோல் டிரம் உருளுகிற சத்தம்.

"இன்னிக்குத்தான் கெமிஸ்ட்டைக் கேட்டேம்மா! தோலை மெத்துன்னு ஆக்குற என்சைமாம். செம பவராம். தோல்ல இருக்குற வேண்டாத புரோட்டீனையெல்லாம் துண்டு துண்டா வெட்டிக் கரைச்சிடுமாம். பாட்டில்ல ஒரு சொட்டு ஒட்டி நின்னாலே போதுமாம்!" அப்பாவின் குரலில் அத்தனை பெருமை. "அவங்க வந்துட்டாங்களா? கோடு வந்துச்சா?"

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. கைடு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டுத் தோலையே பதம் பார்க்கிற என்சைமுக்கு என் ஐந்து மாத உழைப்பு ஒரு வாய் டிபன்.

பழைய போட்டோவைப் பார்த்து ப்ராஜெக்டுக்கு மார்க் போட்டார்கள். வேலை வேறொருத்திக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "கண்ட பாட்டிலைக் குடுத்து என் வாழ்க்கையவே கெடுத்துட்ட!" அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. நான் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனால் பாட்டில் கதை எங்களை விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பாவே அதைச் சொன்னார்: "புள்ள கஷ்டப்பட்டுச் செஞ்சுது. நான் தெரியாத்தனமா ஒரு பாட்டிலைக் குடுத்துட்டேன்." இப்போது அப்பா எங்கள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுவந்தால், என் கணவர் தூக்கை வாங்கிக்கொண்டே, "மாமா, இதுல முன்னாடி இன்னா இருந்துச்சு?" என்பார். எல்லோரும் சிரிப்போம். அப்பாதான் சத்தமாகச் சிரிப்பார்.

போன ஞாயிறும் அதே கேள்வி, அதே சிரிப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அப்பா மேல தப்பு இல்ல. கெமிஸ்ட்டைக் கேட்டுட்டு வர்றேன்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்" என்று எல்லோர் எதிரிலும் போட்டு உடைத்தேன்.

அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நானா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

எந்த வருடம், எந்த டிரம்மில், எத்தனை தோல் போட்டார் என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர் அவர்.