யப்பானிய வணிகரும் எங்கள் சித்தப்பாவும்

"யப்பான்காரன் எப்பிடி முதலாளி ஆனவன் எண்டு இல்ஃபோர்ட்டிலை இருந்துகொண்டு நீ என்னத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கப்போறாய்?" என்று சித்தப்பா கேட்டார். இந்த ஆங்கிலேய ஊருக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிரில், "வந்து கேளுங்கோவன்" என்றேன்.

அதுதான் பிழை. எங்கள் ஆட்களுக்கு வாய்ச்சொல்லும் அழைப்புத்தான். என் ஆய்வை முனைவர் பட்டத்துக்குத் தொடர விடலாமா என்று மூன்று பேராசிரியர்கள் தீர்மானிக்கும் நாளில், அரங்கேற்றத்துக்கு வருவதுபோல ஒன்பது பேர் பட்டுடுத்தி முன்வரிசையில் இருந்தார்கள். (அம்மா தலையில் பூவும் வைத்திருந்தார்.)

நான் மார்க்சியச் சொற்களை அள்ளி வீசினேன். பழைய யப்பானில் வணிகர்கள் கிராமத்துப் பெண்களுக்கு நூலைக் கொடுத்து, அவர்கள் வீட்டிலேயே துணி நெய்வித்து வாங்கினார்கள். அந்த வணிகர்களே பிறகு தொழிற்சாலை முதலாளிகளானார்கள். அது தவிர்க்க முடியாதது என்று முடித்தேன்.

கேள்வி நேரத்தில் சித்தப்பா எழுந்தார். அவருக்குப் பலகாரக் கடை.

"பிள்ளை, நான் இருபது வருசமா வீடுகளுக்கு மா குடுத்து முறுக்குச் சுடுவிக்கிறன். ஃபக்டரி போட நான் என்ன விசரனே? அடுப்பு அவையின்ரை, காஸ் அவையின்ரை, கருகினால் நட்டமும் அவையின்ரை."

தலைமைப் பேராசிரியர் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். என் முடிவுரையை நானே ஆங்கிலத்தில் கொளுத்தினேன். அவர் குறிப்பெடுத்தார். (என் உரைக்குப் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.)

சித்தப்பாவுக்கு முறுக்குச் சுடுபவர்களில் முதலாமவர் என் அம்மா. அவரும் எழுந்தார்.

"ஓமோ தம்பி? எல்லாம் தெரிஞ்சுதான் செய்தனீர், என்ன? நாளைக்கே வந்து உம்முடைய மாவை எடுத்துக்கொண்டு போம்."

"அண்ணி, இது யப்பான் கதை..."

"நான் சுட்டது யப்பான் முறுக்கோ?"

"இதையும் மொழிபெயர்க்க முடியுமா?" என்றார் பேராசிரியர், மிகுந்த ஆவலுடன்.

மூன்று மாதம் தவணை தந்தார்கள். வணிகர் ஏன் தொழிற்சாலை போடாமலே இருந்திருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். நெய்த பெண்களின் பக்கத்தையும் தேட வேண்டும். தவறினால் வீட்டுக்குப் போகலாம். திருத்தி எழுதினேன், தேறினேன். சித்தப்பா இப்போது காஸ் காசும் தருகிறார். ஆனாலும் அவர் வாசலில் தலைகாட்டினால் அம்மா கேட்பார்: "ஃபக்டரி எப்ப தம்பி திறக்கிறீர்?"

அந்தப் பெண்கள் எழுதியவை ஆங்கிலத்தில் அதிகம் இல்லை. ஆகவே யப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இரண்டு பாடம் முடிந்தது. வாய்மொழிப் பரீட்சை எந்த நாள் என்று மட்டும் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.