சைகோன் கோட்டு

உடம்பைத் தேற்றுவது சுலபம். தேறிய உடம்பைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடு. இதை நான் என் நிக்காஹ் மேடையில், ஊரே பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். எனக்கு ரஹ்மத்தைப் பேசி முடித்தார்கள். அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மாமியின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை நல்ல புள்ளதான். கடக்கரைப் பக்கம் மட்டும் தனியா அனுப்பாதீங்க, காத்து தூக்கிட்டுப் போயிடும்."

(எல்லாரும் சிரித்தார்கள். ரஹ்மத்தும் சிரித்தாளாம். பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.)

அதே வாரம் எனக்கு அளவெடுத்து சைகோனுக்கு அனுப்பினார்கள். ரஹ்மத்தின் வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. கல்யாணத்துக்கு வர அவருக்குத் தோதுப்படவில்லை. தான் வராவிட்டாலும் தான் தைக்கக் கொடுத்த கோட்டு மாப்பிள்ளை மேல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அளவு கப்பலேறிப் போனது. நான் எடை தூக்கப் போனேன்.

என் சிநேகிதன் சாலிஹ் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தான். கடப்பாரையின் இரண்டு முனையிலும் டின்னை மாட்டி, சிமெண்டு ஊற்றிக் காயவைத்தோம். தினமும் இத்தனை ராத்தல் பால், இத்தனை ராத்தல் கறி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ராத்தல் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு. எங்கள் வீட்டுத் தராசில் இருந்தது பிரெஞ்சுக்காரன் கிலோக்கல். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட வராது என்று எனக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்தேன், கல்லைப் போட்டேன், தின்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் சாலிஹ் வீட்டு நெல் மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன். நாற்பத்தெட்டு கிலோவில் தொடங்கியவன் நாலே மாதத்தில் அறுபத்திரண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கோட்டு வந்தது. போட்டுப் பார்த்தேன். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"வேற கோட்டு தச்சுக்கலாம்டா," என்றான் சாலிஹ்.

"மாமா மனசு என்ன பாடுபடும்? நான் இளைச்சுக் காட்டுறேன்," என்றேன்.

சபதம் செய்தது எந்த ஊரில் என்று யோசிக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் முறைவைத்து விருந்துக்குக் கூப்பிடும் ஊர் இது. காலையில் கஞ்சித்தண்ணீர் குடித்துவிட்டு எடை தூக்குவேன். மத்தியானம் ஏதாவதொரு வீட்டில் பிரியாணியும் வட்டிலப்பமும் காத்திருக்கும். "ஒரு வாய்தானேம்மா" என்று இலையில் கொட்டுவார்கள். வேண்டாம் என்றால் சண்டை. இருபது நாளில் இறங்கியது மூன்று கிலோ.

நிக்காஹ் அன்று சாலிஹ் என் வயிற்றை முழங்காலால் அமுக்கிப் பொத்தானைப் போட்டான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் கேட்க வேண்டியதைக் கேட்டார். 'கபில்த்து', ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூச்சு வேண்டுமே! விட்டேன் ஒரு மூச்சு. வாங்கினேன் ஒரு மூச்சு.

டர்ர்ர்ர்.

பொத்தான் பறந்து கற்கண்டுத் தட்டில் விழுந்தது. கோட்டின் முதுகு கழுத்திலிருந்து இடுப்புவரை பிளந்தது. ஹஜ்ரத் நிதானமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ள, இப்ப சத்தம் குடுத்தது நீங்களா, கோட்டா?"

"நா... நான் இன்னும் சொல்லலீங்க."

"அப்ப சொல்லுங்க. கோட்டு ஒத்துக்கிட்டது செல்லாது."

சொன்னேன். சிரிப்பில் யாருக்குக் கேட்டதோ!

சாயங்காலம் ரஹ்மத்திடம் தலைகுனிந்து கோட்டைக் கொடுத்தேன். "உங்க வாப்பா ஆசையா அனுப்பினது. கெடுத்துட்டேன்," என்றேன். அவள் தையலைப் புரட்டிப் பார்த்தாள்.

"உள்ளே நாலு விரலுக்குத் துணி மடிச்சு விட்டிருக்கே, பாக்கலியா நீங்க? கிழிஞ்சது தையல்தான், துணி இல்ல. பிரிச்சுத் தச்சிருந்தா போதுமே."

"எதுக்கு அவ்வளவு துணி?"

"வாப்பா லெட்டர்ல எழுதியிருந்தாங்க. 'சின்ன வயசு, மாப்பிள்ளை தேறுவாரு, எடம் விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கேன்'னு."

என்னைப் பார்த்தே இராத மனிதர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ஒரு வாரம் கழித்து, ரஹ்மத் பிரித்துத் தைத்துக் கொடுத்த அந்தக் கோட்டு எனக்குக் கச்சிதமாக இருந்தது.

கடப்பாரையை இன்றும் தூக்குகிறேன். கறியைச் சரியான கல்லில் நிறுத்து வாங்குகிறேன். எங்கள் வீட்டு நிக்காஹ்களில் மாப்பிள்ளை 'கபில்த்து' சொல்லும் நேரம், எல்லாரும் வாயைப் பார்ப்பார்கள். எங்கள் குடும்பம் மட்டும் அவன் முதுகைப் பார்க்கும்.