அரக்கன் கோட்டையில் ஈரத்துணி

“உங்க அரக்கனை என்னால நம்ப முடியல சார்” என்றார் பதிப்பாசிரியை, தொலைபேசியில்.

எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாக எழுதிய மாயக்கதை. இருண்ட கோட்டை, அதில் ஓர் அரக்கன், அவனிடம் சிறைப்பட்ட ஒருத்தி. எழுநூறு பக்கம். இந்த அம்மாள் ‘நம்பறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அது அச்சுக்குப் போகும். மாதக் கடைசி வரைதான் கெடு.

“மண்டையோட்டுல ரத்தம் குடிக்கிறானே மேடம்!”

“குடிக்கட்டும். அதுல யாருக்கு பயம் வருது? தினம் கூடவே இருந்து உயிரை வாங்கற ஆள் மாதிரி எழுதுங்க. யாரையாவது பாத்து எழுதுங்க.”

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்த்து எழுத அங்கே அரக்கர் எவரும் தென்படவில்லை. மனைவிதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவருடைய கோழிக்கிறுக்கலை டைப் செய்துகொண்டிருந்தாள். எட்டு வருடமாக அவள்தான் செய்கிறாள். நன்றியுரையில் அவளைச் சேர்க்க இடமிருக்குமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

“ஏம்மா, கூடவே இருந்து உயிரை வாங்கறவன் என்னவெல்லாம் செய்வான்?”

அவள் திரும்பவில்லை. யோசிக்கவும் இல்லை. “டீ சூடா வேணும்பான். கொண்டுவந்து வெச்சா ஏறெடுத்துப் பாக்க மாட்டான். ஆறினப்புறம் ஒரு வாய் குடிச்சிட்டு, ‘இதெல்லாம் ஒரு டீயா’ம்பான்.”

“அடடா, பிரமாதம்!” அவர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. “மேல சொல்லு.”

“அவ பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுவான்.”

“கோட்டையில டிவி ஏது?”

“அப்ப இடியைக் கூட்டுங்க.”

ஒரு வாரத்தில் பதிப்பாசிரியை கூப்பிட்டார். “படிக்கப் படிக்கப் பத்திக்கிட்டு வருது சார்! இந்த ஆளை நான் பாத்திருக்கேன். ஆனா இப்ப அவளை நம்ப முடியல. இவன்கிட்ட எதுக்கு இருக்கா? நூத்தி நாப்பதாம் பக்கத்துல அவன் கதவைப் பூட்டவே மறந்துட்டானே?”

எழுத்தாளர் மறுபடி மனைவியிடம் போனார். “கதவு திறந்து கிடக்கு. அவ ஏன் போகல?”

“துணி காயப் போட்டிருப்பா.”

“என்னது?”

“ஈரத்துணியை அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது? காயட்டும்னு இருப்பா. அது காயறதுக்குள்ள அடுத்த வாளி ஊறியிருக்கும். அரக்கனோட அங்கியைத் தனியா நனைக்கணும், சாயம் போகும்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் கோட்டை மதிலில் துணி காயப்போடக் கொடி கட்டிவிட்டார்.

“அப்புறம், பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்னு இருப்பா. எங்க போறதுன்னும் இருக்கே. அம்மா வீட்டுல அவ ரூம்ல இப்ப அண்ணி தையல் மெஷின் வெச்சிருப்பாங்க.”

சிறைப்பட்டவளுக்கு ஒரு மகள் பிறந்ததில் நாற்பது பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. வேறு யாராவது இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். மனைவியின் முகத்தையாவது ஒரு தடவை பார்த்திருப்பார்கள். நம் ஆளுக்குப் பக்கம் நிரம்பியதில் பரம சந்தோஷம்.

“எல்லாத்தையும் நம்பறேன் சார்” என்றார் பதிப்பாசிரியை. “ஆனா கடைசிவரைக்கும் அவ துணி துவைச்சுக்கிட்டே இருந்தா யார் வாங்குவாங்க? கடைசி அத்தியாயத்துல அவ கிளம்பணும். நம்பற மாதிரி கிளம்பணும்.”

போட்ட முடிச்சையெல்லாம் இப்போது அவரே அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கவும் மனைவிதான்.

“பொண்ணை என்ன பண்றது?”

“பரீட்சை முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போயிட்டா.”

அவர்கள் மகளும் போன மாதம்தான் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். ‘சௌகரியமா இருக்கு’ என்று அதையே எழுதினார்.

“சரி, இவ எங்க போவா?”

“தனியா ஒரு ரூம் பாத்துக்குவா. டைப்பிங் தெரிஞ்சா எங்கயும் பொழைக்கலாம்.”

“கோட்டையில டைப்பிங்கா?”

“ஓலை எழுதத் தெரியும்னு போட்டுக்குங்க.”

“ஈரத்துணி?”

அவள் கை ஒரு கணம் நின்றது. “இனிமே அவளோடதை மட்டும் துவைச்சுக்கட்டும்.”

ஒரே மூச்சில் எழுதி முடித்துக் கொடுத்தார். டைப் ஆகி வந்த கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

“வாசல்ல நின்னு அவ ‘போயிட்டு வரேன்’னு சொல்றான்னுதானே எழுதினேன்? ‘போறேன்’னு அடிச்சிருக்க! எந்தப் பொம்பளையாவது வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப ‘போறேன்’னு சொல்லுவாளா? யார் நம்புவாங்க?”

“சரிங்க” என்றாள்.

மறுபடி எடுத்த பிரதியிலும் ‘போறேன்’ என்றே இருந்தது.

“எட்டு வருஷமா டைப் பண்ற. ஒரு வார்த்தை ஒழுங்கா வரலியே!”

அவரே சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, மறுநாள் காலையில் பதிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

பதிப்பாசிரியை கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “நம்பறேன் சார். அந்தக் கடைசி வார்த்தைதான் உயிர். ‘போயிட்டு வரேன்’னா, அவ திரும்பி வந்துடுவான்னு அர்த்தம். ரெண்டாம் பாகத்தை ஆரம்பிங்க.”

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுப் படியேறும்போதே, “டீ போடு, சூடா!” என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து பதில் இல்லை. கம்ப்யூட்டர் அணைத்திருந்தது. பால்கனிக் கொடியில் ஒரு துணிகூட இல்லை.

வாசலில் தெருமுனை இஸ்திரிக்காரர் மூட்டையோடு நின்றார். “உங்க சட்டை மட்டும்தான் சார் இருக்கு. அம்மா அவங்க துணியைக் காலையிலயே கடைக்கு வந்து வாங்கிக்கிட்டாங்க. கையில பெட்டி இருந்துச்சு.”

எழுத்தாளர் மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். “ஏதாவது சொன்னாளா?”

“‘போறேன்’னாங்க சார். ‘போயிட்டு வரேன்னு சொல்லுங்கம்மா’ன்னு நான்கூடத் திருத்தினேன். ‘தப்பில்லப்பா, ரெண்டு தடவை சரிபாத்துட்டேன்’னாங்க.”