தேநீர்க் குல்லாய்க்குள் ஒரு கொலைகாரன்

நெதர்காம்ப்,
நவம்பர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனி ஐவிக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் ஆம்ப்ரோஸ் டாப்ஸ்காட் எழுதிக்கொள்வது. விட்பியின் கடல் காற்றும் உன் இடுப்பு வலியும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போய்க்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று பதிலுக்கு எழுதுவதுதான் முறை. உன் அக்கா ஹெஸ்டருக்குச் சுகமில்லை என்பது உனக்கு எப்படியோ தெரிந்துபோனதால் அந்த முறையை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். மழை விட்டபாடில்லை. கூரை ஒழுகுகிறது. பூனை உயிரோடு இருக்கிறது. அதை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் அட்டை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டுப் பதினோரு வருஷம் சும்மா இருந்தவள், இப்போது நவம்பரிலேயே நான்கு வரி எழுதியிருக்கிறாய். அக்காவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதாகவும், அந்தச் சண்டைக்கு அப்புறம் கொலைக் கதை எதையும் தொடவே இல்லை என்றும், இப்போது மறுபடி படிக்க வேண்டும்போல் இருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறாய். ஹெஸ்டரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "வர வேண்டிய அவசியம் இல்லைன்னு எழுதிடு" என்றாள். ஆகவே எழுதுகிறேன்: வர வேண்டிய அவசியம் இல்லை. நீ கேட்டது புத்தகத்தைப் பற்றி. அதற்கு விவரமாகவே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தச் சண்டை விஷயத்தில் என் சாட்சியத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் என்னைக் கேட்கவே இல்லை. உங்கள் அப்பா வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். கதையில் கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடி, தேநீர்க் கெண்டிக்குப் போடும் கம்பளிக் குல்லாய்க்கு அடியில் வைத்துவிட வேண்டும். கதையைப் படித்த அத்தனை பேரும் கொலைகாரன் பெயரைச் சொன்ன பிறகுதான் குல்லாயை எடுக்க வேண்டும். குல்லாய் புத்தகத்துக்குப் போய்விடுவதால் அதற்குள் தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். கல்யாணமான முதல் வாரமே எனக்கு ஆறின தேநீர்தான். சரி, வீட்டுக்கு வீடு ஒரு கிறுக்கு. ஆனால் உங்கள் அம்மாவை என் கையாலேயே அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, ஹெஸ்டர் துக்கம் தாங்காமல் ஒரு புத்தகத்தோடு சமையலறை மூலையில் உட்கார்ந்திருக்க, நீ சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே வந்து அட்டையைப் பார்த்து, "ஓ, இதுவா? போஸ்ட்மாஸ்டர்தான் கொன்னான். எனக்கு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றாய். உன் அக்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். நிலத்துக்காகவும் உயிலுக்காகவும் பேச்சை விட்டவர்களை என் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஒரே சாவுக்குத் தனித்தனி வண்டியில் ஏற்றி அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு போஸ்ட்மாஸ்டருக்காகப் பேச்சை விட்டது நீங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது ஹெஸ்டரின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். வயிற்றுக் கட்டியை இனி அறுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. அதனால் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். "ஆம்ப்ரோஸ், ஏன் இப்படிக் குழி வெட்டற குரல்ல படிக்கிற? அவங்க கேக் சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்று திட்டுகிறாள். நாற்பது வருஷம் இந்த ஊரில் செத்தவர்களுக்குப் பெட்டி செய்து, குளிப்பாட்டி, கொண்டுபோய் இறக்கினவனுக்குக் குரல் வேறு எப்படி இருக்கும்?

இந்தக் கதைகளைப் பற்றி எனக்குத் தொழில்முறையில் சில ஆட்சேபங்கள் உண்டு. பருமனான கர்னல் ஒருவர் மாடி அறைக் கம்பளத்தில் செத்துக் கிடக்கிறார். சரி. அவரை அந்த வளைந்த படிக்கட்டு வழியாக யார் கீழே இறக்குவது? ஒரு ஆசிரியராவது அதைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா? பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் கர்னல் காணாமல் போய்விட்டார், எல்லோரும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அடக்கம் ஒரே வரியில் முடிகிறது, அதுவும் மழை பெய்தது என்ற வரி. யாரும் கைக்குட்டையை நனைப்பதில்லை. அப்புறம் அந்தக் கிராமங்கள்! நம் நெதர்காம்பைவிடச் சின்ன ஊர், ஒரே கோடையில் மூன்று கொலை. நான் இத்தனை வருஷத்தில் ஒரு கொலைகூடப் பார்த்ததில்லை. ஒருத்தரைக் காளை முட்டியது, ஒருத்தர் ஆப்பிள் சாராயப் பீப்பாயில் தலைகுப்புற விழுந்தார், மற்றவர்கள் எல்லோரும் சும்மா செத்தார்கள். கதையில் வருகிற மாதிரி நடந்திருந்தால் நான் இரண்டாவது சவ வண்டி வாங்கியிருப்பேன்.

இதை ஹெஸ்டரிடம் சொன்னேன். "இதுல அப்படி என்னதான் இருக்கு உனக்கு?" என்று கேட்டேன்.

"நீ சொன்னியே, சும்மா செத்தாங்கன்னு. அதான்" என்றாள். "சும்மா செத்தவங்களை நீ கொண்டுபோய்ப் புதைச்சுட்டு வந்து சூப் குடிப்ப. ஏன் செத்தாங்கன்னு யாரும் கேட்கலை. இதுல ஒருத்தர் செத்தா, குடையும் கையுமா ஒரு கிழவி வீடு வீடாப் போய் ஏன் ஏன்னு கேட்கிறா. கடைசியில எல்லாரையும் உட்கார வெச்சு, இவன்தான்னு கையைக் காட்டுறா. எல்லாருக்கும் நிம்மதியாப் போயிடுது."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என் வயித்துல இருக்கிறவனை யாராவது கையைக் காட்டிச் சொல்லட்டுமே பார்ப்போம்" என்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படித்தேன். எழுத்து தெரியவில்லை, இருந்தாலும் படித்தேன்.

இந்தப் பழக்கத்தால் வந்த கஷ்டங்களையும் நீ தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கதையில் விஷத்துக்குப் பாதாம் வாசனை என்று வந்தது. அன்று மத்தியானமே பக்கத்து வீட்டு மிஸஸ் லஸ்கோம் ஹெஸ்டருக்காக ஒரு கேக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன், குப்பென்று பாதாம் வாசனை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துண்டைப் பூனைக்குப் போட்டேன். பூனை கேக்கைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தது. நான் ஓடிப்போய் மிஸஸ் லஸ்கோமின் வேலிப் பக்கம் நின்று, "என் பொண்டாட்டி உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணினா?" என்று கத்திவிட்டேன். "அது பாதாம் கேக், மிஸ்டர் டாப்ஸ்காட்! பாதாம் கேக்ல பாதாம் வாசனை வராம மீன் வாசனையா வரும்?" என்று அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். பூனை காலையில் ஒரு முழு எலியைத் தின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஹெஸ்டர் சிரித்தாள், சிரித்ததில் வலி வந்தது, வலியிலும் சிரித்தாள்.

அடுத்தது சிரிப்பில்லை. அதற்கு அடுத்த கதையில் கொன்றது நர்ஸ். எங்கள் வீட்டுக்கு வருகிற நர்ஸ் கஃப் தங்கமானவள்தான், ஆனால் கதையில் வந்தவளும் தங்கமானவள்தானே? வலி மருந்துப் புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்தேன். மறுநாள் ஹெஸ்டருக்கு வலி வந்தபோது அந்தப் பத்திரமான இடம் எதுவென்று எனக்கு நினைவு வரவில்லை. தேடினேன். டிராயரை எல்லாம் கவிழ்த்தேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸ் வந்து கோடரியால் அலமாரியை உடைத்தாள். "நீங்க போய் வெளியில நில்லுங்க, மிஸ்டர் டாப்ஸ்காட்" என்றாள். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். சாவி, அடக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் என் உயரத் தொப்பிக்குள் இருந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் கப்பலிலோ ரயிலிலோ நடக்கிற கொலைக்குப் போகாதே, யார் எந்த அறையில் என்று வரைபடம் பார்த்தே உயிர் போய்விடும். இரட்டைப் பிள்ளைகள் வருகிற கதையைக் கையாலும் தொடாதே. சின்னக் கிராமமாக, ஒரே ஒரு பிணமாக, அந்தப் பிணமும் உயிரோடு இருந்தபோது யாருக்கும் பிடிக்காத ஆளாக இருப்பது உத்தமம், வருத்தப்பட வேண்டியிராது. வெறும் வயிற்றோடு உட்காராதே, பக்கத்துக்குப் பக்கம் ஸ்கோன் பன்னும் ஜாமும் வரும். பூனை துப்புத் துலக்குகிற கதைகளும் உண்டு. நான் என் பூனையைப் பார்த்தவன், நம்பமாட்டேன்.

இப்போது நாங்கள் படிப்பது பச்சை அட்டை போட்ட ஒன்று, ஊருக்கு வரும் நூலக வண்டியில் ஹெஸ்டரே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி வரச் சொன்னது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் மணிக்கூண்டுக்குக் கீழே செத்துக் கிடக்கிறார். ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்றதுதான். என்ன, யாரோ ஒரு போக்கிரி பதினேழாம் பக்கத்து மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு தேநீர்க் கெண்டி வரைந்து வைத்திருந்தான். பொதுச் சொத்து என்ற எண்ணமே கிடையாது. ரப்பரால் அழித்துவிட்டேன்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமையே புத்தகம் குல்லாய்க்குள் போய்விட்டது. மிஸஸ் லஸ்கோம் (சமாதானமாகிவிட்டாள்) பாதிரியார் என்கிறாள். நர்ஸ் கஃப் டாக்டர் என்கிறாள், அவளுக்கு டாக்டர்கள் மேல் பொதுவாகவே ஒரு இது. நான் தோட்டக்காரன் என்றேன், அவன் குழி வெட்டிய விதம் சரியில்லை. ஆனால் ஹெஸ்டர் குல்லாயை எடுக்க விடமாட்டேன் என்கிறாள். "இன்னும் எல்லாரும் சொல்லலை" என்கிறாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன், எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் நாலு நாளாக ஆறின தேநீர் குடிக்கிறேன். மருந்து வேகத்தில் ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு அதிகம் சிரமம் கொடுத்துவிட்டேன். மேலே உள்ளவர் உன் இடுப்பையும் உன் வீட்டு ஓடுகளையும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் காக்கட்டும். பொழுது கிடைக்கும்போது நிதானமாகப் படி, அவசரம் ஒன்றும் இல்லை. வசந்த காலத்தில் ஒரு நடை வந்துவிட்டுப் போனாலும் போதும்.

இப்படிக்கு, உன் நலம் விரும்பும்,
ஆம்ப்ரோஸ் டாப்ஸ்காட்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறையில் போடும் முன் உன் அக்கா படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். முடித்தபோது அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"மரமண்டை" என்றாள். "வர வேண்டாம்னு நான் சொன்னா அப்படியே எழுதிடுவியா? பதினோரு வருஷம் கழிச்சு, இந்த உடம்போட கிடக்கிறப்போ, அவ புத்தகமா கேட்கிறா உன்கிட்ட?"

"பின்னே வேற என்ன கேட்கிறா?" என்றேன்.

"வரட்டுமான்னு கேட்கிறா. அந்தக் கழுதைக்கு வாயைத் திறந்து நேரா ஒண்ணும் கேட்கத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அப்புறம், "அந்தக் கெண்டியை ஏன்டா அழிச்ச?" என்றாள். இந்த ஊர்க் கிழவிகள் எல்லோருக்கும் ஒரு பழக்கமாம். படித்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடாமல் இருக்க நூலகப் புத்தகத்தில் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்களாம். மிஸஸ் லஸ்கோமுக்குக் கோழி. ஹெஸ்டருக்குக் கெண்டி.

"அப்போ இதை நீ முன்னாடியே படிச்சிருக்கியா?"

"ரெண்டு தடவை. யார் கொன்னான்னு எனக்கு நல்லாத் தெரியும். அதுக்காகவா குல்லாயை மூடி வெச்சிருக்கேன்? ஐவி இன்னும் பெயர் சொல்லலை."

ஆகவே, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். இந்தப் பொட்டலத்தில் அந்தப் பச்சைப் புத்தகம் இருக்கிறது. யார்க் ஸ்டேஷனில் ரயில் மாறி உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி. நீ இறங்க வேண்டிய எக்ஸிட்டர் வருவதற்குள் முடித்துவிடலாம். கடைசி அத்தியாயம் அதில் இருக்காது. என் சவரக் கத்தியால் அறுத்துக் குல்லாய்க்குள் வைத்திருக்கிறேன். நூலக வண்டிக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வசந்த காலம் என்று எழுதினேனே, அது வேண்டாம். அடுத்த வாரமும் வேண்டாம். இன்று காலை அவள் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. நான் இந்தத் தொழிலில் இருந்தவன், ஐவி. இது கைக்குக் கிடைத்த அன்றே கிளம்பு.

கதவு பூட்டியிருக்காது, நேராக உள்ளே வா. பெயரை மட்டும் வாசலில் வைத்தே சொல்லிவிடாதே. அவள் கேட்பாள், கேட்ட பிறகு சொல்.