அலுவலகப் பொறுப்பில் இருந்த அதிர்வு

அரசு வாகனம் எந்த வேகத்தில் ஆடலாம், எந்த வேகத்தில் ஆடக்கூடாது என்பது பற்றி இதுவரை அரசாணை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால், திருவண்ணாமலையில் இயங்கும் மாவட்ட ஒத்திசைவு அலுவலகத்தின் ஓட்டுநர் இருசப்பனுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அந்த அலுவலகம் எதை எதோடு ஒத்திசைக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அது பரிசீலனையில் இருக்கிறது என்று எழுத்துமூலம் பதில் போயிருக்கிறது. ஆகவே நாம் அதில் தலையிட வேண்டாம்.

இருசப்பன் இருபத்தாறு வருஷமாக அரசு ஸ்டியரிங் பிடித்தவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை ஓட்டுநராகவே இருந்து, ஓட்டுநராகவே மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அதிகாரியைச் சென்னைக்கு அழைத்துப் போனார். திண்டிவனம் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறி, முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறியது. அறுபதுக்கு இறக்கினால் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. மறுபடி எண்பது, மறுபடி உதறல். ஊர் திரும்பிய மறுநாள், போளூர் ரோட்டில் சக்கர வேலை பார்க்கும் ரியாசுதீனிடம் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

ரியாசுதீன் வண்டியைப் பார்க்கவில்லை. இருசப்பனைத்தான் பார்த்தார்.

"எத்தனையில ஆரம்பிக்குது?"

"எண்பதுல. தொண்ணூறுல பல்லு கிட்டுது பாய்."

"பிரேக் போட்டா ஜாஸ்தி ஆவுதா?"

"இல்ல."

"சீட்டு ஆடுதா, கை ஆடுதா?"

"சீட்டு சும்மா இருக்குது. கையிலதான் தெரியுது."

"சீட்டு ஆடுனா பின் சக்கரம். கையில தெரிஞ்சா முன் சக்கரம். பிரேக்ல ஜாஸ்தி ஆவலன்னா பிரேக் தட்டு நல்லா இருக்குது. சக்கரத்துல எடை ஒரு பக்கம் கம்மி, வேற ஒண்ணுமில்ல." குனிந்து இடது முன் சக்கரத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினார். "இதோ, எடைக்கு ஈயம் ஒட்டியிருந்த தடம். எங்கயோ விழுந்துட்டுது. மெஷின்ல மாட்டி சுத்தி, எங்க கம்மின்னு பாத்து ஒட்டினா முடிஞ்சிச்சி. பத்து நிமிஷ வேலை."

"அப்ப ஒட்டிடு."

"லெட்டர் இருக்குதா?"

"கட்டைவிரல் அளவு ஈயத்துக்கு லெட்டரா?"

"கவர்மெண்ட் வண்டிப்பா. போன வருஷம் ஒரு ஆபீஸ் ஜீப்புக்குக் கண்ணாடி தொடச்சேன், யாரு அனுமதி குடுத்தாங்கன்னு விளக்கம் கேட்டாங்க. லெட்டரோட வா."

இருசப்பன் அலுவலகத்துக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளில், 'எண்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் ஆடுது, கையில தெரியுது' என்று எழுதிக் கண்காணிப்பாளர் காசியிடம் நீட்டினார். காசி நல்ல தமிழில் பிடிப்புள்ளவர். தாளைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஆடுதா? ஆடறதுக்கு இது என்ன தெருக்கூத்தா? அதிர்வுன்னு எழுதணும். அது சரி, எண்பதுன்னு போட்டிருக்கியே, ஆபீஸ் வண்டி அறுபதைத் தாண்டக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குது, தெரியுமில்ல?"

"மேடம்தான் சார், மீட்டிங்குக்கு நேரமாவுது, அழுத்துங்கன்னாங்க."

"அதையும் சேர்த்து எழுதிடட்டுமா?"

காசி சிவப்புப் பேனாவால் எண்பதை அடித்தார். 'ஸ்டியரிங்' வேற்றுமொழிச் சொல் என்பதால் அதையும் அடித்தார். அதற்கு ஈடாகத் 'திசைமாற்றி' என்பதா, 'சுக்கான்' என்பதா என்று அவருக்குள் பல காலமாக ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தபடியால், அந்த இடத்தை நிரப்பவில்லை. கடைசியில் தாளில் மிஞ்சியது இது: 'ஓட்டுநரின் கையில் அதிர்வு தெரிகிறது.'

இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

விதிப்படி மூவர் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. காசி தலைவர், இரண்டு பிரிவு எழுத்தர்கள் உறுப்பினர்கள். சுற்றறிக்கைக்கு உட்பட்ட வேகத்தில் சோதிக்கத் தகுந்த இடம் கிரிவலப் பாதை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. மாடுகளுக்கும் சாமியார்களுக்கும் வழிவிட்டபடி பதினான்கு கிலோமீட்டரும் சுற்றி வந்தார்கள். முள் முப்பதைத் தொடவில்லை. அடி அண்ணாமலையில் நிறுத்தி டீ குடித்த கால் மணி நேரமும் ஸ்டியரிங் இம்மியும் அசையவில்லை என்பதைக் காசி தனியாகக் குறித்துக்கொண்டார்.

அறிக்கை இரண்டே வரி. 'வாகனத்தில் அதிர்வு இல்லை. எனவே அதிர்வு ஓட்டுநரின் கையைச் சார்ந்தது எனக் கருதி, அவரை மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்பலாம்.'

"கை நடுக்கம்னு அவங்க எழுதிட்டா என்ன சார் ஆவும்?" என்று கேட்டார் இருசப்பன்.

"உன்னை விட்டுடுவோமா? சாவியை வாங்கிட்டு, தபால் பிரிவுல ஒரு ஸ்டூல் போட்டுக் குடுப்போம்."

மருத்துவர் நல்ல மனிதர். இருசப்பனின் விரல்களை நீட்டச் சொல்லி, மேலே ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் மேஜை மேல் கிடப்பதுபோல் கிடந்தது.

"எப்ப நடுங்குது?"

"எண்பதுல போனா சார்."

"அதான் சிக்கல். இங்க நீங்க உக்காந்துட்டு இருக்கீங்க. எண்பதுல போற கையைப் பார்க்க எங்ககிட்ட வசதி இல்ல. மூணு வாரம் கழிச்சி முழுக் குழுவும் கூடும், அப்ப வாங்க."

இதற்கிடையே கோப்பு, அன்று பின்சீட்டில் சென்னை போன அதிகாரியான மாவட்ட ஒத்திசைவு அலுவலர் மணிமொழியின் மேஜைக்குப் போயிற்று. மணிமொழி அம்மையார் கெட்டிக்காரர். கோப்புகளை முழுக்கப் படிக்கும் பழக்கம் இல்லாதவர். அவர் கண் 'அதிர்வு' என்ற ஒரு சொல்லில் போய் நின்றது. காரணம் உண்டு. ரமணாசிரமம் பகுதியில் ஒரு கஃபேயின் மாடியில் ஆதவன் என்பவர் நடத்தும் அதிர்வுப் பயிற்சிக்கு அவர் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தார். கசங்கிய பருத்திச் சட்டை போட்ட அந்த இளைஞர், சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, மலையின் வைப்ரேஷனை ஆங்கிலத்தில் விளக்கி வந்தார். மணிமொழிக்கு மட்டும் ஆறு மாதமாகியும் ஒரு வைப்ரேஷனும் வரவில்லை. வெளியில் சொல்ல முடியாத குறை.

இருசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இருசப்பன், உங்க கையில அதிர்வு வருதாமே?"

"வண்டில வருது மேடம்."

"முதல்ல எல்லாரும் வெளியில இருந்து வருதுன்னுதான் நினைப்பாங்க. எனக்குக் காட்டுங்க."

செங்கம் ரோட்டில் ஊரைத் தாண்டியதும் முள் எண்பத்தைந்துக்குப் போனது. மணிமொழி பக்கத்து இருக்கையிலிருந்து ஸ்டியரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை தோள்வரை அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வருது, இருசப்பன்... வருது!"

"எதிர்ல பஸ்ஸும் வருது மேடம், கையை எடுங்க!"

மறுநாளே ஆணை பிறந்தது. 'மறு உத்தரவு வரும்வரை வாகனம் தற்போதைய நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும்.' அதன்பின் ஞாயிறுதோறும் ஆதவனின் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டார்கள். சிலர் அழுதார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர், தம் நாட்டில் இவ்வளவு வண்டிகள் இருந்தும் ஒன்றில்கூட இது வருவதில்லை என்று வருத்தப்பட்டார். பயணப் பதிவேட்டில் 'கள ஆய்வு' என்று எழுதப்பட்டது.

மூன்றாவது ஞாயிறு ஒருவர் பரவசத்தில் ஸ்டியரிங்கை விடவே மாட்டேன் என்றார். எதிரே கரும்பு லாரி. இருசப்பன் அவர் கையோடு சேர்த்து ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தியபோது, அவர் கண்ணைத் திறந்து, "ஒன்ஸ் மோர்" என்றார்.

புதன்கிழமை மருத்துவக் குழு. இருசப்பன் யோசித்தார். குழு பிழைக்க விட்டாலும் லாரி விடாது போலிருந்தது. திங்கட்கிழமை வண்டி கழுவக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகப் போளூர் ரோட்டுக்கு விட்டார்.

"லெட்டர்?" என்றார் ரியாசுதீன்.

இருசப்பன் லாரிக் கதையைச் சொன்னார். ரியாசுதீன் சக்கரத்தைக் கழற்றினார். பத்து நிமிஷம் என்றது பொய்; எட்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். புறவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறு, நூறு என்று ஏற்றிப் பார்த்தார் இருசப்பன். ஸ்டியரிங் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது.

செவ்வாய்க்கிழமை மணிமொழி, ஆதவனையும் ஒரு தொலைக்காட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். நூறு வரை போயும் ஒன்றும் வரவில்லை. தொலைக்காட்சிக்காரர் கேமராவை மூடினார். ஆதவன், வைப்ரேஷன் கோபித்துக்கொள்வதும் உண்டு என்றார். மாலைக்குள் இருசப்பனுக்குக் குறிப்பாணை வந்தது: 'அலுவலகப் பொறுப்பில் இருந்த அதிர்வை முன் அனுமதியின்றி அகற்றியது ஏன் என்பதற்கு ஒரு நாளைக்குள் விளக்கம் தரவும்.'

இருசப்பன் அன்றே விளக்கம் எழுதினார். 'ஆய்வுக் குழு அறிக்கைப்படி வாகனத்தில் அதிர்வு இல்லை. இல்லாததை என்னால் அகற்ற முடியாது.'

காசி அதை மூன்று முறை படித்தார்.

"யாருய்யா எழுதிக் குடுத்தது?"

"நீங்கதான் சார். உங்க அறிக்கையைப் பாத்துதான் எழுதினேன்."

காசி எழுந்து கதவைச் சாத்தினார். "அறிக்கையை மாத்தினா என் தலை போயிடும். மேடத்தோட குறிப்பாணையை ரத்து பண்ணச் சொன்னாலும் என் தலைதான் போகும். இரு. வண்டியில எப்பவும் அதிர்வு இல்ல. சரியா? அது உன் கையில இருந்துது. இப்ப இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"என்ன சார்?"

"உனக்குக் குணமாயிடுச்சி! மருத்துவக் குழுவுக்குப் போவ வேணாம், நீ டிரைவராவே இருக்கலாம். ஆனா எதனால குணமாச்சின்னு ஒரு வரி இருந்தாத்தான் கோப்பை மூட முடியும்."

"ஈயம்னு போடுங்க சார்."

"கைக்கு ஈயமா?"

காரணத்தை மணிமொழியே சொல்லிக் கொடுத்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியிருந்தது. 'மலையின் அதிர்வைத் தொடர்ந்து கையில் ஏந்தியதால் என் நீண்டநாள் கை நடுக்கம் நீங்கியது' என்று காசி நல்ல தமிழில் எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்தார்.

இருசப்பன் தாளைப் பார்த்தார். தபால் பிரிவு ஸ்டூலையும் நினைத்துப் பார்த்தார். ஒருநாளும் நடுங்காத கையால் கையெழுத்துப் போட்டார்.

சான்றுரையை ஆதவன் படம்பிடித்து வெளியிட்டார். இரண்டு வாரத்தில் அலுவலக வாசலில் வரிசை நின்றது. குணமான கை தொட்டால் குணமாகும் என்று யாரோ ஆரம்பித்து வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் முழங்காலைக் காட்டினார். காசி, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கழுத்தைக் காட்டினார். மறுத்தால் சான்றுரை பொய் என்று ஆகிவிடும் என்பதால் இருசப்பன் எல்லாரையும் தொட்டார்.

ஒருநாள் டயருக்குக் காற்று பிடிக்கப் போளூர் ரோட்டுக்குப் போனார். ரியாசுதீன் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"டிரைவரே, இந்த வலது தோளு ரெண்டு மாசமா தூக்க வரல. ஒரு தடவ கையை வையேன்."

"பாய், ஈயத்தை ஒட்டினதே நீதானே?" என்றார் இருசப்பன்.

"நான்தான். இல்லன்னு சொன்னனா? ஆனா ஊரே சொல்லுதே. அத்தனை பேருக்குமா தெரியாம போயிடும்?"

"உனக்கு நம்பிக்கை இருக்குதா?"

"இல்ல. தோளு வலிக்குது, அவ்ளோதான். வைப்பா."

இருசப்பன் வைத்தார். ரியாசுதீன் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்: "ஆடுதுப்பா. நல்லாவே தெரியுது."

"சும்மா சொல்லாத பாய்."

"சத்தியமா. நீயே பாரு."

இருசப்பன் பார்த்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது, அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று இழுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத பாய்," என்றார். "வேலை போயிடும்."

ரியாசுதீன் தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் வலது கையை உயர்த்தி, மேல் பரணில் இருந்த டயரை எடுத்துக் கீழே வைத்தார். பிறகுதான் இருவரும் அந்தத் தோளைப் பார்த்தார்கள்.